சிட்லபாக்கத்தில் நின்ற கப்பல்

மேற்குத் தாம்பரத்தில் பியூலாவின் வீட்டுக்கு வழி கேட்டால், "கப்பல்ல போனாங்களே, அந்த ஜியாகரபி டீச்சர் வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டாண்டுக் காலம் கடலில் சுற்றி வந்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அந்த இரண்டாண்டுகளைப் பற்றி அவர் தம் மாணவியருக்கு ஓயாமல் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டுக்குள் கழிந்த மாதங்களைப் பற்றி அவ்வளவாகச் சொன்னதில்லை. அந்த வீட்டின் எதிர்வீட்டில் அப்போது நான் குடியிருந்தேன். சிலவற்றை நேரில் கண்டேன். மற்றவற்றைப் பிற்காலத்தில் அவரே சொல்லக் கேட்டேன். எழுதுவதற்கு இசைவும் அவரே தந்தார்.

1990ஆம் ஆண்டு ஏப்ரலில் பியூலா புவியியல் முதுகலைத் தேர்வை எழுதி முடித்தாள். அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண். ஆகவே இனி 'அவள்' என்றே எழுதுகிறேன். நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுகள் படித்தாள். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவாள். மாலையில் அதே வழியில் திரும்புவாள். அவளுடைய தந்தை யேசுதாசன் அந்த ரயில்களில் கார்டு. வண்டியின் கடைசி அறையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறி இறங்கியதைப் பார்த்து, மணி கொடுத்து வண்டியை எடுக்கச் சொல்வது அவர் வேலை. தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையிலேயே அவருடைய பணிக்காலம் முழுவதும் கழிந்தது. மனைவி, பியூலா ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது இறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் இருவர்தாம்.

பியூலா கல்லூரியில் இருந்தபோது, சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு புத்தகக் கப்பல் வந்தது. பல நாட்டு இளைஞர்கள் ஊதியம் பெறாமல் இரண்டாண்டுகள் அதில் தங்கி, சமைத்து, தரை துடைத்து, புத்தகம் விற்று, துறைமுகம் துறைமுகமாகச் சென்றுகொண்டிருந்தார்கள். தோழியரோடு வரிசையில் நின்று அதைப் பார்க்கப் போன பியூலா, புத்தக மேசையில் இருந்த மணிலா நகரப் பெண்ணிடம், "வீட்டில் எப்படி விட்டார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அழுதார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்தவருக்குச் சில்லறை எடுக்கத் திரும்பிவிட்டாள். இந்தியப் பெருங்கடலின் நீரோட்டங்களை நீலப் பென்சிலால் எத்தனையோ முறை வரைந்த பியூலா, அதுவரை மெரினாவில் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அப்பால் இறங்கியதில்லை. படிப்பு முடிந்ததும் இதில் போவது என்று அந்த மேசையருகிலேயே முடிவு செய்தாள். இறுதியாண்டில் விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று, அங்கே கப்பலில் ஏறிக்கொள்ள வேண்டும்.

தந்தையிடம் சொல்வதற்குத்தான் அஞ்சினாள்.

"ரெண்டு வருஷமா?" என்றார் யேசுதாசன்.

"ரெண்டு வருஷம்ப்பா. சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்கற இடமும் குடுப்பாங்க."

அவர் வெள்ளைச் சீருடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என் வண்டி பீச்சோட நின்னுடுது. அதுக்கு அப்பால இன்னா கீதுன்னு இதுவரைக்கும் தெரியாது. நீயாவது போய்ப் பாரு," என்றார்.

தாம்பரத்தில் அவர்கள் சேர்ந்திருந்த திருச்சபையில் வழியனுப்பு என்பது சிறிய காரியமன்று. வெளிநாடு செல்பவரைப் பீடத்தின்முன் முழந்தாளிடச் செய்து, போதகர் தலைமேல் கை வைத்து வேண்டுவார். சபையார் பாட்டுப் பாடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். மறு ஞாயிறு முதல், தொலைவில் இருப்போருக்கான வேண்டுதலில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் திரும்பி வரும் வரையில் அந்தப் பெயர் வாரந்தோறும் ஒலிக்கும்.

பயணச்சீட்டு வந்த பிறகே வழியனுப்புவது வழக்கம். ஆனால், பியூலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அவள் தாயை அடக்கம் செய்த போதகர் ஜெபராஜ், அந்த ஜூன் மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்லவிருந்தார். அவர் கையாலேயே மகளுக்கு வேண்டுதல் நடக்க வேண்டும் என்று யேசுதாசன் விரும்பினார். பயண நாள் அடுத்த புதன்கிழமை என்று கப்பல் அலுவலகம் எழுதியிருந்தது. சீட்டு மட்டுமே வரவேண்டும். ஆகவே, போதகரின் கடைசி ஞாயிறன்று, அவருக்கும் பியூலாவுக்கும் ஒரே நாளில் வழியனுப்பு நடந்தது. கடலில் குளிரும் என்று கேள்விப்பட்ட சபைப் பெண்கள் கம்பளிச் சட்டைகளாகக் கொண்டுவந்து குவித்தார்கள். எதிர்த்தெருத் தனம் தம் கையாலேயே பின்னிய ஒன்றைக் கொடுத்தார். யாரோ குரங்குக் குல்லா ஒன்றும் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. கப்பலில் பழுது, பயணம் ஒத்திவைக்கப்படுகிறது, மறுதகவலுக்குக் காத்திருக்கவும்.

சபையாரிடம் சொல்லிவிடலாம் என்றாள் பியூலா. யேசுதாசன் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்பது பியூலாவுக்குத் தெரியும். தனத்தின் மகன் சுந்தர்சிங்கை இரண்டாண்டுகளுக்கு முன்பு இப்படித்தான் துபாய்க்கு வழியனுப்பினார்கள். முகவர் ஏமாற்றிவிட, பம்பாயிலேயே சில வாரங்கள் தங்கிவிட்டுத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் 'பாம்பே துபாய்' என்று பெயர். ரயில் நிலையத்தருகில் எஸ்.டி.டி. பூத் வைத்த பிறகும் அதைப் பாம்பே துபாய் பூத் என்றுதான் சொன்னார்கள்.

"ரெண்டு வாரத்துல சரி பண்ணிடுவாங்க," என்றார் யேசுதாசன். "அதுவரைக்கும் பேபி வூட்ல இரு. யாருக்கும் தெரிய வேணாம்."

புதன்கிழமை மாலை, வாசலில் டாக்ஸி வந்து நின்றது. விமான நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம் என்று யேசுதாசன் கேட்டுக்கொண்டதால், தெருவே முனை வரை வந்து கையசைத்தது. தனம் அழுதார். டாக்ஸி ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையத்தை நோக்கிச் சிறிது தூரம் ஓடிய பிறகு, வலப்பக்கம் திரும்பி, ரயில்வே கேட்டைக் கடந்து, சிட்லபாக்கத்துக்குள் நுழைந்தது.

யேசுதாசனின் தங்கை பேபி, சானடோரியம் மருத்துவமனையில் செவிலியர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஏரிக்குப் பின்புறமாக, காலி மனைகளுக்கு நடுவே இருந்தது அவர் வீடு. பணிமுறை மாறி மாறி வரும் வேலையாகையால், பெரும்பாலான நேரம் வீடு பூட்டிக் கிடப்பது வழக்கம். பியூலா வந்த பிறகும் அது பூட்டியேதான் கிடந்தது. உள்ளே அவள் இருந்தாள் என்பதே வேறுபாடு.

முதல் சில நாள்கள் அவளுக்கு வேடிக்கையாக இருந்தன. பிறகு, இரண்டு வாரம் கழிந்தது. தகவல் வரவில்லை. ஜூன் முடிந்தது. எந்த நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் பெட்டியைப் பிரிக்காமல், மேலே இருந்த இரண்டு உடைகளை மட்டும் மாற்றி மாற்றி உடுத்தினாள். வானொலியைக் கூடச் சத்தமாக வைக்க இயலாது. பகலில் சன்னலைத் திறப்பதில்லை. ஏரிப்பக்கம் உள்ள பின்கதவை மட்டும் ஒருக்களித்து வைத்துக்கொண்டு, வற்றிப்போன ஏரியில் எருமைகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொலைவில் மின்சார ரயில் போகும் ஒலி கேட்கும். அதில் எது தந்தையின் வண்டி என்பது அவளுக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் பேபி தாம்பரம் ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் சொல்வார்.

"இன்னிக்கும் உன் பேர் சொன்னாங்க. புயல்ல மாட்டாம காக்கணும்னு ஜெபம். கெழவர் சவுரிமுத்து அழுதுட்டாரு."

"நான் பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தேன் அத்தை," என்பாள் பியூலா.

"நறுக்கினியா? நல்லதாப் போச்சு."

சனிக்கிழமைகளில் யேசுதாசன் வருவார். தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, இரு பக்கமும் பார்த்துவிட்டு நடந்து வருவார். வந்து அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இந்த வாரம் நீ எங்க இருக்கே?"

ஆலயத்திலும் பணிமனையிலும் எல்லாரும் அவரிடம் அதையே கேட்டார்கள். அவருக்குக் கடல்களின் பெயர் தெரியாது. ஒரு முறை தாமாகவே ஏதோ சொல்லப்போய், சிங்கப்பூரிலிருந்து கப்பலை ஒரே வாரத்தில் இலண்டனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கப்பலை ஓட்டும் பொறுப்பைப் பியூலா ஏற்றுக்கொண்டாள். பேபி என்னிடம் வந்து, "சார், பெரிய அட்லஸ் ஒண்ணு இருந்தாக் குடுங்க. சும்மாப் பார்க்கத்தான்," என்று வாங்கிச் சென்றதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சமையலறைத் தரையில் அதை விரித்துவைத்துக்கொண்டு, கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டு, காற்றின் திசையையும் பார்த்து, ஒவ்வொரு வாரமும் அவள் ஓரிடம் சொல்வாள். பினாங்கு. கொழும்பு. பிறகு நீண்ட கடல். பிறகு மொம்பாசா. யேசுதாசன் அந்தப் பெயரைச் சிறுவனைப் போல இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். மறுநாள் ஆலயத்தில் அந்தத் துறைமுகத்துக்கும் சேர்த்து வேண்டுதல் நடக்கும். பணிமனையில் அவரைக் 'கேப்டன்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள், சனிக்கிழமை வரை காத்திராமல், வியர்க்க வியர்க்க வந்தார்.

"கப்பல் இப்ப எங்க நிக்குது?"

"மொம்பாசாவை விட்டுக் கிளம்பிடுச்சுப்பா. செங்கடல் வழியாப் போகணும்."

"செங்கடல் வேணாம்மா. குவைத்துல சண்டை வந்துடுச்சு. எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கினாங்க. தனம் சோறு திங்காம அழுதுகினு கீது. வேற வழி இல்லியா?"

"ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டுப் போகலாம். நன்னம்பிக்கை முனை வழியா. ரொம்ப நாள் ஆகும்."

"ஆவட்டும். அவசரமில்ல."

அடுக்களையிலிருந்து பேபி குரல் கொடுத்தார்: "அண்ணே, கப்பலைத் திருப்பறதுக்கு முன்னால இந்த சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்திக் குடுத்துட்டுப் போ."

மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பொலி கேட்டு நான் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது.

வெளியாரில் அவளைக் கண்டுபிடித்தவர் கீரை விற்கும் கிளியம்மாள். காலையில் தாம்பரம் பக்கம் விற்றுவிட்டு, மிச்சக் கட்டுகளோடு சிட்லபாக்கம் வருபவர். ஒரு நாள், பின்கதவருகில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பியூலாவைப் பார்த்துக் கூடையை இறக்கினார்.

"இன்னாமே, நீ கார்டு பொண்ணுதானே? கப்பல்ல பூட்டேன்னாங்க. இங்க கீற?"

"இல்லக்கா. நான் அவங்க சொந்தக்காரப் பொண்ணு."

"ஏய், எத்தினி வருசமா உனுக்கு முளக்கீர குட்துகினு கீறேன்? மூஞ்சி மறந்துபூடுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "வவுத்துல எதுனா கீதா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா."

"அப்பால இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கீற? எவனையாச்சும் இட்டுகினு வன்ட்டியா? உள்ள யாரு?"

"உள்ள யாருமே இல்ல. அதான் பேஜாரு."

கிளியம்மாள் நம்பாமல் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். கட்டிலும் கட்டிவைத்த பெட்டியும் தரையில் விரித்த படப்புத்தகமும்தான் இருந்தன. "தனியா குந்திகினு கீறதுக்கா இத்தினி ரகசியம்? நான் எவன்கிட்டயும் வாய தொறக்க மாட்டேன். ஆனா இனிமே கீர வாங்க நீயே வா. உங்க அத்த பேரம் பேசியே உசிர எடுக்குது," என்றார்.

அதன் பிறகு, கிளியம்மாள் வரும் நாள்களில் பியூலா தலையை வாரிப் பின்னிக்கொண்டு காத்திருப்பாள். வாரத்தில் அவள் வேற்று மனிதரோடு பேசியது அவ்வளவே.

செப்டம்பரில் அவள் பிறந்தநாள் வந்தது. கடலில் பிறந்தநாள் காணும் சகோதரிக்காக ஆலயத்தில் பாட்டுப் பாடினார்கள் என்று பேபி வந்து சொன்னார். பாடகர் குழுவில் அவள் நின்ற இடத்தில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள் என்றும், நன்றாகவே பாடுகிறாள் என்றும் சொன்னார். பியூலா தலையசைத்தாள். தாம்பரத்தில் அத்தனை பேரும் அவளை நினைத்துக்கொண்டிருந்தார்கள்; ஆனால் அவர்கள் நினைத்த பியூலா ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருந்தாள். சிட்லபாக்கத்தில் இருந்தவளை நினைக்க யாருக்கும் காரணமில்லை.

அவளை அச்சுறுத்தியது வேறொன்று. ஒரு மாலை, பேபி களைத்து வந்து காலை நீட்டிக்கொண்டு, "மொம்பாசால வெயிலு நம்ம ஊர் மாதிரியா?" என்று விளையாட்டாகக் கேட்டார். "வெயில்தான் அத்தை, ஆனா கடல் காத்து இருக்கறதால தெரியாது. துறைமுகத்துக்குப் பின்னால பழைய கோட்டை ஒண்ணு இருக்கு," என்று பியூலா தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடித்த பிறகே அதைக் கவனித்தாள். பார்த்துவிட்டு வந்தவளின் அலுப்பு அவள் குரலில் இருந்தது. போகவேண்டும் என்ற ஆசையைத் தேடிப் பார்த்தாள். வாரம் ஓர் ஊராக, அதை அவளே செலவழித்துவிட்டிருந்தாள்.

அக்டோபரில் இரண்டாம் தந்தி வந்தது. பழுது முடிந்தது, மாத இறுதியில் புறப்பாடு, பயணச்சீட்டு விமான நிறுவன அலுவலகத்தில் காத்திருக்கிறது. இத்தனை தாமதத்துக்குப் பிறகு வர இயலாதவர்கள் விலகிக்கொள்ளலாம். எப்படியாயினும் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

அந்தச் சனிக்கிழமை, யேசுதாசன் பெரிய பை ஒன்றோடு வந்தார். கட்டிலின்மேல் கவிழ்த்தார். வெளிநாட்டுச் சோப்புகள், வாசனைத் திரவியம், நீலத் தகடு சுற்றிய சாக்லெட்டுகள், பூப்போட்ட குடை. கடற்கரை நிலையத்துக்கு எதிரிலுள்ள பர்மா பஜாரில் வாங்கியவை.

"என்னப்பா இது?"

"நீ வாங்கிக்கினு வந்தது," என்றார் யேசுதாசன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சண்டை நேரம், அதனால பாதியிலயே அனுப்பிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தனத்துக்கு ஒரு சோப்பு, சபை மாதர் சங்கத்துக்கு சாக்லெட்டு. குரோம்பேட்டைல பள்ளிக்கூடத்துல ஆள் கேக்கறாங்க. நீ போய்ட்டுத்தானே வந்திருக்கே?"

பியூலா ஒரு சோப்பை எடுத்து முகர்ந்தாள்.

"மொம்பாசா எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா நான் என்னப்பா சொல்றது?"

"எங்கிட்ட சொன்னதையே சொல்லு. யாரு போய்ப் பார்த்தாங்க?"

"அதான்ப்பா. யாரும் போய்ப் பார்க்கல. நானும் பார்க்கல."

யேசுதாசன் சாக்லெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு, தாழ்ந்த குரலில், "அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவறேன். முதல்ல நீ கேட்டப்போ அதை யோசிக்கல, தைரியமாப் போன்னு சொல்லிட்டேன். இப்போ இந்தச் சனிக்கெழமைங்க பழகிடுச்சும்மா," என்றார்.

அவள் சோப்பைக் கட்டில்மேல் வைத்தாள். அவர் போன பிறகு, என் வீட்டு வாசலில் நின்று அட்லஸைத் திருப்பித் தந்தாள். வீட்டை விட்டு அவள் முன்வாசல் வழியாக வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அட்டை கிழிந்துவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். இன்னும் தேவைப்படுமானால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "வேணாம் சார். இதுல இருக்கற ஊரெல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. பேபியோடு மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, ஆராதனை தொடங்கிய பிறகு ஆலயத்துக்குள் நுழைந்து, கடைசி இருக்கையில் அமர்ந்தாள். எல்லாரும் கண்மூடி முழந்தாளிட்டிருந்தார்கள். ஜூலையில் பொறுப்பேற்ற புதிய போதகர் அவளை முன்பின் பார்த்ததில்லை. "நன்னம்பிக்கை முனையைக் கடந்து செல்லும் எங்கள் சகோதரி பியூலாவை அலைகளுக்குத் தப்புவித்தருளும்," என்று அவர் மன்றாட, சபை முழுவதும் ஆமென் என்றது. பியூலாவும் ஆமென் என்றாள்.

அறிவிப்புகளுக்குப் பிறகு, வழக்கம்போலப் போதகர், "இன்று நம் சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்," என்று சொல்லி, கடைசி இருக்கையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பியூலா எழுந்தாள். "என் பேர் பியூலா. யேசுதாசன் மகள். நான் இன்னும் போகல."

முன்வரிசையில் இருந்த யேசுதாசன் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் திரும்பினார்கள்.

"கப்பல் பழுதுன்னு ஜூன்லயே தந்தி வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்ல எங்களுக்கு வெட்கமா இருந்துச்சு. இத்தனை நாளும் சிட்லபாக்கத்துல அத்தை வீட்ல இருந்தேன். அப்பா சொன்ன ஊரெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இந்த மாசக் கடைசில போறேன்." அமர்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அவளைச் சுற்றி யாரும் கூடவில்லை. தனம் மட்டும் நேராக வந்து நின்றார்.

"அப்போ நான் குடுத்த ஸ்வெட்டரு?"

"பெட்டியிலயே இருக்கு ஆன்ட்டி. புதுசாவே இருக்கு."

"உனக்காக நான் உபவாசம் இருந்தேன்டி, அந்தக் குவைத்து சண்டையப்போ. சிட்லபாக்கத்துக்கா இருந்தேன்? இந்த வாட்டி போறப்ப எங்ககிட்ட சொல்லாமலே போ," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதுவே அனைவருடைய தீர்ப்பாகவும் அமைந்தது. புதிய போதகர் மூப்பர்களோடு கலந்து பேசினார். ஒருவருக்கு ஒரு பயணத்துக்காக ஒரு முறைதான் கை வைத்து வழியனுப்புவது. அது நடந்துவிட்டது என்றார்கள்.

ஆலயத்திலிருந்து பியூலா சுந்தர்சிங்கின் எஸ்.டி.டி. பூத்துக்குச் சென்றாள். அவன் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான்.

"கேள்விப்பட்டேன். உனக்கு இன்னா பேரு வெக்கறதுன்னு இப்போ டீக்கடைல பேசிகினு கீறாங்க. 'சிட்லபாக்கம் சிங்கப்பூரு'தான் ஜெயிக்கும் போல."

"உன்னோடது நல்லா இருக்கு. சின்னதா இருக்கு."

"பழகிடும்," என்றான் சுந்தர்சிங். "எங்க பேசணும்?"

"சிங்கப்பூர். வரேன்னு சொல்லணும்."

அவன் எண்ணைச் சுழற்றினான். இணைப்புக் கிடைக்கப் பலமுறை முயல வேண்டியிருந்தது. காத்திருந்தபோது, "நான் பம்பாய்ல இருந்து திரும்பாம, வேற ஏஜென்ட பார்த்துப் போயிருக்கணும். வூட்டு ஞாபகம் வந்துடுச்சு. அதுக்கே அந்தப் பேரு," என்றான். மறுமுனையில் குரல் கேட்டதும் கருவியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவள் பேசியது மிகச் சில சொற்கள்தாம். அவற்றைச் சொல்ல அவளுக்கு வேறு யாருடைய துணையும் தேவைப்படவில்லை.

அன்றே மேற்குத் தாம்பரத்து வீட்டுக்குத் திரும்பினாள். யேசுதாசன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சமைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். இருவர் மட்டும் வாழும் வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்பதைப் பியூலா அந்த நாள்களில் அறிந்தாள். இன்னும் சில நாள்களில் அந்த வீடு அவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் அறிந்தாள். போகவேண்டாம் என்ற எண்ணம் அப்போது வந்தது என்று பியூலா பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். வந்த எண்ணத்தோடேயே பெட்டியைச் சரிபார்த்தாள். குரங்குக் குல்லாவை எடுத்து வெளியே வைத்தாள். பர்மா பஜார் சோப்புகளில் ஒன்றை உள்ளே வைத்தாள்.

புறப்படும் நாளில் மழை. விடுப்பு எடுக்க முடியவில்லை என்று மட்டும் யேசுதாசன் சொல்லிவிட்டுக் காலையிலேயே பணிக்குப் போய்விட்டார். பேபிக்கும் மருத்துவமனையில் முறை. கிளியம்மாள் தெருவில் எதிர்ப்பட்டு, "மெய்யாலுமே போறியா, இல்ல வேற பேட்டையா?" என்று கேட்டுவிட்டு, மழைக்குக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். ரயில் நிலையத்தில் சுந்தர்சிங் பூத்தைப் பூட்டிவிட்டு வந்து, பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். "கடைசிப் பெட்டில ஏறு. உங்கப்பா வண்டி இது. கேட்டு வாங்கிகினாராம்," என்றான்.

சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். ஒவ்வொரு நிலையத்திலும், தடுப்புக்கு அப்பால் தந்தை கொடுக்கும் மணி அவளுக்குக் கேட்டது. சிட்லபாக்கத்தில் கதவருகே அமர்ந்து கேட்ட ஒலிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். திரிசூலத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். விமான நிலையம் சாலைக்கு அப்பால் இருந்தது. கார்டு அறையின் வாசலில் யேசுதாசன் வெள்ளைச் சீருடையில் நின்றார். அவர் இறங்க முடியாது. வண்டி நிற்பது சிறிது நேரந்தான்.

அவள் மழையில் அந்த வாசலருகே வந்து நின்றாள். அவர் மேடையின் முன்கோடி வரை பார்த்தார். ஏறுபவர்கள் ஏறிவிட்டார்கள். மணி கொடுக்கவில்லை. முன்பெட்டிகளிலிருந்து சிலர் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார்கள்.

"வர்ற சனிக்கெழமை நீ எங்க இருப்பே?" என்று கேட்டார் யேசுதாசன்.

"தெரியலப்பா. போய்த்தான் சொல்லணும்."

அவர் தலையசைத்தார். பிறகு மணியை இரண்டு முறை அழுத்தினார். வண்டி நகர்ந்தது. அவர் கடற்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வண்டி வளைவில் மறையும் வரை அவள்தான் மேடையில் நின்று பார்த்தாள்.